ட்ரம்ஸுக்குச் சாம்பிள் வைக்கும்போது விடும் நேரப் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் கொக்குவிலிலோ குருநகரிலோ ஒரு வீட்டறையில் ட்ரம்ஸ் பதிந்தால், சீமெந்துச் சுவர்களின் எதிரொலியில் ஸ்னெயர் (அடியில் கம்பி கட்டிய சிறு ட்ரம்) வெறும் தகரச் சத்தமாகிவிடும். அதனால்தான் பதிந்த அடிகளுக்கு மேல் நல்ல சாம்பிள்களை, அதாவது ஏற்கெனவே தனித்தனியாகப் பதிந்துவைத்த அடிச் சத்தங்களை, வைக்கிறோம். வைத்த பிறகு கிக் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) முன்பைவிட மெலிந்து கேட்டால், எங்கள் பெடியள் உடனே ஈகியூவில் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) கை வைக்கிறார்கள். 60 ஹேர்ட்ஸைத் தூக்குவது, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை ஒடுக்கும் கொம்ப்ரெஸ்ஸரை இறுக்குவது. இதுதான் முதற்பிழை, மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடுகிற பிழையும் இதுதான்.

60 ஹேர்ட்ஸ் அலை ஒருமுறை சுற்றி முடிக்க 16.7 மில்லிசெக்கன் எடுக்கும். சாம்பிள் அதில் பாதி, அதாவது 8 மில்லிசெக்கனளவு பிந்தினால், பதிந்த கிக் மேலே போகும் நேரம் சாம்பிள் கீழே போகும். பாஸ் அடிபட்டுப் போய்விடும். 25, 30 மில்லிசெக்கன் பிந்தினால் இரண்டு அடியாகக் கேட்டு, பிழை உடனே பிடிபடும். 8 மில்லிசெக்கனைக் காது பிந்தலாக உணராது, சத்தம் மெலிந்ததாக மட்டுமே உணரும். ஸ்னெயரின் உடற்சத்தம் 200 ஹேர்ட்ஸ் பக்கம் இருப்பதால் அங்கே இரண்டரை மில்லிசெக்கனே காணும். ஆகவே ஈகியூவைத் தொடுமுன் சாம்பிள் ட்ராக்கின் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல்-கீழ்த் திசையை, திருப்பிக் கேளுங்கள். திருப்பியதும் பாஸ் கூடினால் இரண்டு அலையும் ஒன்றையொன்று தின்கின்றன என்று அர்த்தம். பிறகு திரையில் அலையின் படத்தைப் பெரிதாக்கி, இரண்டின் முதல் மேடும் ஒரே இடத்தில், ஒரே திசையில் எழும்புகிறதா என்று பாருங்கள்.

பார்த்தவுடன் முழு ட்ராக்கையும் ஒரே அளவு முன்னுக்குத் தள்ளிவிட்டு எழும்பிவிடுவது அடுத்த பிழை. பிந்தல் எல்லா அடிக்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. பதிந்த அடியைக் கண்டு சாம்பிளை ஒலிக்கவைக்கும் ட்ரிகர் பிளகின், சத்தம் ஒரு எல்லையைத் தாண்டும்போதுதான் அடியைக் கண்டுகொள்கிறது. பலமான அடி அந்த எல்லையை உடனே தாண்டும். மெல்லத் தட்டிய கோஸ்ட் நோட்டின் அலை ஆறுதலாக ஏறுவதால் பிந்தித்தான் தாண்டும். பலமான அடிகளுக்குப் பொருத்தி நகர்த்தினால் மெல்லியவை பிந்தியே நிற்கும். மெல்லியவற்றுக்குப் பொருத்தினால் பலமானவை முந்திவிடும். ட்ரம்மர் தாளத்துக்குள் வைத்த ஆட்டம் முழுக்கக் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

இதற்கு வழி இருக்கிறது. ஸ்னெயர் ட்ராக்கைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியை ட்ரிகருக்கு மட்டும் வையுங்கள். அதில் ஹை-ஹட் கசிவை வடிவாக வெட்டிவிட்டால் எல்லையைக் கீழே இறக்கலாம், மெல்லிய அடிகளும் நேரத்துக்குப் பிடிபடும். மிச்சத்தைக் கண்ணால் பார்த்துக் கையால் நகர்த்த வேண்டியதுதான். கோஸ்ட் நோட் நிறைய உள்ள பாட்டென்றால் நேரம் எடுக்கும், ஆனாலும் மினக்கெடலாம்.

ட்ரிகரிலிருந்து மிடியை (சத்தமல்ல, எந்த அடி எப்போது என்ற குறிப்பு) வேறு ட்ராக்குக்கு அனுப்பி, ஓடவிட்டபடியே பதிகிறவர்களுக்குப் பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் துண்டின் அளவு) இன்னொரு தொல்லை. 48 கிலோஹேர்ட்ஸில் 512 பஃபர் என்றாலே 10.7 மில்லிசெக்கன். முடிந்தவரை அடிகளை முதலில் மிடியாக மாற்றி, இடங்களைச் சரிபார்த்து, பிறகு ஓடியோவாக ரெண்டர் செய்யுங்கள். பிளகின்களின் பிந்தலை மென்பொருளே ஈடுசெய்யும் டிலே கொம்பன்சேஷன் போட்டிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

சாம்பிள் கோப்பின் தலையில் உள்ள மௌனத்தையும் பலர் கவனிப்பதில்லை. இலவசமாக இறக்கிய தொகுதிகளில் ஒவ்வொரு கோப்பும் வெவ்வேறு அளவு மௌனத்துடன் தொடங்கக்கூடும். கிட்ட வைத்த மைக்கின் சாம்பிள்களுக்கு அதை வெட்டுங்கள். அறையின் சத்தத்தைத் தூரத்திலிருந்து பிடிக்கும் ரூம் மைக் சாம்பிளில் வெட்ட வேண்டாம், அந்தப் பிந்தல் அறையின் தூரம்.

அதே காரணத்துக்காக ஓவர்ஹெட்டுக்கு (ட்ரம்ஸுக்கு மேலே தொங்கும் மைக்) சாம்பிளைப் பொருத்தவும் வேண்டாம். எங்கள் வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் போகும். ஸ்னெயருக்கு ஒரு மீற்றர் மேலே தொங்கும் மைக்குக்கு அடி கிட்டத்தட்ட 3 மில்லிசெக்கன் பிந்தித்தான் போய்ச் சேரும். அளவுகோல் எப்போதும் கிட்ட உள்ள மைக்தான். மிடியைக் குவான்டைஸ் பண்ணி, அதாவது அடிகளைத் தாளக் கட்டங்களுக்கு இழுத்து, ஓவர்ஹெட்டை அப்படியே விட்டுவிடுவதும் கூடாது. ஓவர்ஹெட்டில் விழுந்த பழைய ஸ்னெயர் ஓரிடத்திலும், சாம்பிள் ஸ்னெயர் இன்னோரிடத்திலும் கேட்கும். குவான்டைஸ் வேண்டுமென்றால் எல்லா மைக்கையும் ஒன்றாகக் கட்டி நகர்த்துங்கள்.

தவிலுக்கு இந்த வேலையே வேண்டாம் என்பேன். வலந்தலையில் விரற்கூடும் தொப்பியில் கழியும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஓடும் வாசிப்பு அது. சத்தத்தின் அளவை மட்டும் பார்க்கிற ட்ரிகருக்கு எந்தச் சொல் எங்கே தொடங்குகிறது என்று விளங்காது. நல்ல மைக்கும் நல்ல இடமும் பார்த்துப் பதிவதே அதற்கு நியாயம்.

இங்கே ட்ரம்ஸ் பதிந்து, ரொறன்ரோவிலோ பாரிஸிலோ மிக்ஸ் செய்யக் கோப்பு அனுப்புகிறவர்கள் கவனியுங்கள். டேட்டாவை மிச்சம் பிடிக்க எம்பி3 ஆக மாற்றினால் தொடக்கத்தில் வெற்றிடம் சேரும். லேம் என்ற எம்பி3 என்கோடரில் மாற்றி, அதை ஈடுசெய்யாத மென்பொருளில் திறந்தால் 44.1 கிலோஹேர்ட்ஸில் ஏறத்தாழ 25 மில்லிசெக்கன் வரும். சில ட்ராக் எம்பி3 ஆகவும் சில வேவ் ஆகவும் போனால், அங்கே உள்ளவர் எதை எதோடு பொருத்துவார்? பெரிதாக இருக்கிறதென்றால் தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக்காகச் சுருக்குங்கள், நேரம் மாறாது. எல்லா ட்ராக்கும் பூச்சியத்திலிருந்தே தொடங்கட்டும், சாம்பிள் ரேட்டை (44.1, 48 கிலோஹேர்ட்ஸ் என்கிற அளவு) கோப்பின் பெயரிலேயே எழுதி விடுங்கள்.