சிக்லிட் தொட்டியில் அடிதடி: மீனைத் திட்டும் முன் பார்க்க வேண்டியவை

குளத்தில் தூண்டில் போட்டுப் பழகிய கோயம்புத்தூர்க்காரர் யாருக்கும் ஜிலேபி மீனைத் தெரியாமல் இருக்காது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன் அது. இன்று உக்கடம் பெரியகுளம் முதல் அமராவதி அணை வரை அதன் ராஜ்ஜியம்தான். கோடையில் தண்ணீர் வற்றும்போது கரையோரச் சேற்றில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். ஆண் ஜிலேபி வாயால் மண்ணை அள்ளித் துப்பித் தோண்டியவை அவை. பக்கத்தில் இன்னொரு ஆண் வந்தால் விரட்டு விரட்டென்று விரட்டும். அந்த ஜிலேபியும், நம் வீட்டுத் தொட்டியில் கலர் காட்டும் சிக்லிட்டும் ஒரே குடும்பம்.

சிக்லிட் அடித்துக்கொள்வது பெரும்பாலும் இடத்துக்காக, இல்லையென்றால் இணைக்காக. நம் ஊர் வரப்புச் சண்டை மாதிரிதான்: எல்லை தெளிவாக இருந்தால் முறைப்போடு முடிந்துவிடும், தெளிவில்லை என்றால் அரிவாள் வரை போகும். அதனால் சண்டை வந்தால் முதலில் தொட்டியைப் பாருங்கள், அப்புறம் மீனைப் பார்க்கலாம்.

பாதித் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. 'மிக்ஸ் சிக்லிட்' என்ற பெயரில் ஒன்றரை அங்குலக் குஞ்சுகள் கூட்டமாக நீந்தும். "எல்லாம் ஒண்ணா இருந்துக்குமுங்ணா" என்பார் கடைக்காரர். பொய்யில்லை; அந்த வயதில், அந்த நெரிசலில் இருந்துகொள்ளும்தான். சில மாதங்களில் ஆண்கள் பருவத்துக்கு வரும்போதுதான் கதை மாறும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீனான ஆரட்டஸைப் பாருங்கள். குஞ்சிலும் பெண்ணிலும் பளிச்சென்ற மஞ்சள், அதில் கருப்புப் பட்டை. அழகில் மயங்கி நாலு வாங்கி வருவோம். அதில் ஆண் வளர வளரக் கருத்துப்போய், தொட்டி முழுவதும் தனக்கே என்று நிற்கும். மலாவி மீன்களிலேயே மோசமான ரவுடிகளில் அது ஒன்று. கென்யி இதற்குத் தலைகீழ்: குஞ்செல்லாம் நீலம், ஆண் மட்டும் பின்னால் மஞ்சளாகும், குணம் ஆரட்டஸுக்குச் சளைத்ததல்ல. முதல் தொட்டி என்றால் எல்லோ லேப் போன்ற சாதுவான இனத்திலிருந்து தொடங்குவது நல்லது. ஒரே நிறம், ஒரே மாதிரிப் பட்டை உள்ள இரண்டு இனங்களைச் சேர்த்து விடாதீர்கள். ஒன்றை ஒன்று சொந்த இனத்துப் போட்டியாளன் என்றே நினைத்து அடிக்கும். ஆஸ்கார் என்ற தென்னமெரிக்க சிக்லிட்டை மலாவி மீன்களோடு விடுவதும் வேண்டாம், அது ஓர் அடி வரை வளரும். நெற்றி புடைத்த கலப்பின சிக்லிட்டான பிளவர்ஹார்னுக்குத் தனித் தொட்டி, பேச்சே இல்லை.

அடுத்தது தொட்டி. இரண்டடிக் கண்ணாடிப் பெட்டியில் மலாவி சிக்லிட் என்பது தொடக்கத்திலேயே தப்பு. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருந்தால் கிட்டத்தட்ட 250 லிட்டர் பிடிக்கும், அங்கிருந்து யோசியுங்கள். உயரமான தொட்டி கூடத்தில் எடுப்பாக இருக்கும், ஆனால் மீன் எல்லை பிரிப்பது தரையில்தான். பெரிய தொட்டி வாங்கிவிட்டு, 'பாவம், தாராளமாக இருக்கட்டும்' என்று மூன்றே மீன் விடுகிறவர்களும் உண்டு. அங்கே பலசாலி மீன் மற்றதில் ஒன்றையே குறிவைத்துக் கொன்றுவிடும். பாறை வாழ் மலாவி மீன்களில் பதினைந்து போல இருந்தால் அடி பரவிப்போய் யாருக்கும் பெரிதாக விழாது. ஒரு ஆணுக்கு மூன்று நாலு பெண் என்ற கணக்கும் வேண்டும். இரண்டு ஆண், ஒரு பெண் என்றால் அந்தப் பெண்ணுக்கு நிம்மதியே கிடையாது. கூட்டம் கூடினால் கழிவும் கூடும். நல்ல ஃபில்டரும், வாரம் தவறாமல் கால்வாசித் தண்ணீர் மாற்றுவதும் முடியாது என்றால் இந்த வழிக்கு வராதீர்கள்.

நடுவில் ஒரே ஒரு அலங்காரக் கோட்டை வைப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். கோட்டை ஒருவனுக்குப் போய்விடும், மற்றவை மூலையில் ஒண்டும். கல்லை மூன்று நாலு குவியலாகப் பிரித்து, ஒரு பக்கத்தில் நிற்கும் மீனுக்கு மறுபக்கம் தெரியாதபடி அடுக்குங்கள். தோட்டத்தில் பைப் பதித்து மிஞ்சிய பி.வி.சி. துண்டுகள், உடைந்த பூந்தொட்டி எல்லாம் அருமையான ஒளிவிடங்கள். ஒரு வாசல் மட்டும் உள்ள குகை வேண்டாம். துரத்தப்படும் மீன் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். கல்லை அடிக் கண்ணாடி மேல் நிறுத்திவிட்டு அப்புறம் மணல் போடுங்கள். மணல் மேல் கல் வைத்தால் இவை தோண்டித் தோண்டிச் சரித்துவிடும், கண்ணாடியும் போகும்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது: ரவுடியை எடுத்துவிட்டால் சண்டை தீர்ந்தது என்ற நம்பிக்கை. ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரிப் பகுதியில் வாழும் பர்டோனி என்ற சிக்லிட்டை ஆய்வாளர்கள் நிறையக் கவனித்திருக்கிறார்கள். தலைவன் போய்விட்டால், அதுவரை மங்கிக் கிடந்த ஆண் சில நிமிடங்களிலேயே நிறம் ஏறி அந்த இடத்துக்கு வந்துவிடும். 2007இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வந்த ஆய்வு இன்னும் சுவாரசியமானது. மற்ற மீன்களின் சண்டையைக் கண்ணாடி வழியே வேடிக்கை பார்த்தே, யார் யாரைவிடப் பலசாலி என்று இவை கணக்குப் போட்டுவிடுகின்றன. நேரில் மோதிப் பார்க்காத இரண்டு மீன்களில்கூட எது இளைத்தது என்று தெரிந்துகொள்கின்றன. இவ்வளவு விவரமான மீனிடம் ஒருவனை எடுத்தால் அடுத்தவன் பதவி ஏற்பான், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக, ஒரு வாரம் மட்டும் ரவுடியை வேறு தொட்டியில் வைத்துவிட்டு, கல்லை எல்லாம் மாற்றி அடுக்கி, கடைசியில் அவனைத் திரும்ப உள்ளே விடுங்கள். பழைய எல்லை எதுவும் இருக்காது, அவனே புது ஆள் ஆகிவிடுவான். அப்படியும் அடங்கவில்லை என்றால் கடையில் திருப்பிக் கொடுங்கள்; நொய்யலிலோ குளத்திலோ கொண்டுபோய் விடுவது மட்டும் கூடவே கூடாது.

புது மீன் சேர்க்கும்போதும் இதே உத்திதான். ஒற்றை மீனாக விடாமல், இருப்பவற்றின் அளவுக்கு ஒத்த இரண்டு மூன்றைச் சேர்த்து, பழைய மீன்களுக்குத் தீனி போட்டபின், விளக்கை அணைத்துவிட்டு உள்ளே விடுங்கள்.

எல்லாத் துரத்தலும் ஆபத்து என்று பதறவும் வேண்டாம். துடுப்பை விரித்து நிற்பது, பக்கவாட்டில் உடலை உதறுவது, நாலு அடி துரத்திவிட்டுத் திரும்பிவிடுவது எல்லாம் அன்றாடம் நடப்பது. ஃபில்டர் குழாய்க்குப் பின்னால், மேல்மட்டத்தில் ஒரு மீன் சாய்ந்தபடி அசையாமல் நிற்கிறதா, வால் ஓரம் கிழிந்து நார் நாராக இருக்கிறதா, தீனி போட்டாலும் கீழே வர மறுக்கிறதா? அதற்குப் பெரும்பாலும் நோய் இல்லை, அடி. மருந்து பாட்டிலை ஊற்றிப் பயனில்லை. அன்றைக்கே வேறு தொட்டிக்கு மாற்றி, சுத்தமான தண்ணீரும் காற்றும் கொடுத்தால் துடுப்பு வளர்ந்துவிடும்.

தொண்டை புடைத்து, தின்னாமல் ஒதுங்கும் பெண் மலாவி மீன் வேறு கதை. வாயில் முட்டை வைத்திருக்கும். மூன்று வாரம் போல அப்படியே இருக்கும். ஆண் தொல்லை கொடுத்தால் மெதுவாகத் தனியே எடுத்து வையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். திருப்பூர், ஈரோடு பக்கம் எல்லோரும் அலுத்துக்கொள்ளும் போர் தண்ணி, மலாவி மீனுக்குப் பிடித்த கடினத் தண்ணீர், பி.ஹெச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 7.8 முதல் 8.6 வரை அதற்கு ஒத்துக்கொள்ளும். ஆர்.ஓ. தண்ணீர் வாங்கி ஊற்றுவது காசுக்குக் கேடு, மீனுக்கும் கேடு. சிறுவாணித் தண்ணீர் போன்ற மென்மையான தண்ணீர் டிஸ்கஸ், ராம் போன்ற தென்னமெரிக்க சிக்லிட் வகைகளுக்குச் சரி. குழாய்த் தண்ணீர் எதுவானாலும் குளோரினை எடுத்துவிட்டே ஊற்ற வேண்டும். சித்திரை வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் மீனின் வேகமும் சீற்றமும் கூடும், ஆக்ஸிஜனோ குறையும். மூடியைத் திறந்து ஒரு சின்ன ஃபேன் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

தீனியை ஒரே மூலையில் கொட்டினால் ரவுடி அங்கேயே காவல் நிற்பான். நீளவாக்கில் மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் தூவுங்கள், சிறிது சிறிதாக, இரண்டு வேளை.