பென் டிரைவில் இயங்கும் பப்பி லினக்ஸில் கூடுதல் மென்பொருள் வேலை செய்யாதபோது

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துத் தங்குமிடங்களின் வரவேற்பு மேசைகளிலும், திருகோணமலை நகரத்துத் தனியார் வகுப்புகளிலும், சாதாரண தரப் பரீட்சைக்குத் தகவல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளிலும் இன்னமும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய மடிக்கணினிகளுக்குப் பப்பி லினக்ஸ் நல்ல துணையாக இருக்கிறது. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பாரி கோலர் 2003இல் தொடங்கிய இந்த இயங்குதளம் சில நூறு எம்.பி. அளவுக்குள் அடங்கி, பென் டிரைவிலிருந்து ராம் நினைவகத்துக்கு ஏறி அங்கேயே ஓடுவதால், வன்தட்டு பழுதாகிப்போன கணினியும் மறுபடி பயன்படுகிறது. அடிப்படைத் தொகுப்பு பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. ஒரு அலுவலகத் தொகுப்பையோ உலாவியையோ தமிழ்த் தட்டச்சுக் கருவியையோ மேலதிகமாகச் சேர்க்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

சேர்த்த மென்பொருள் திறக்காவிட்டால் பலரும் உடனே அதே கோப்பை மறுபடி பதிவிறக்குகிறார்கள். கைப்பேசி டேட்டாவை நம்பியிருக்கும் வீட்டில் அது வீண் செலவு என்பது ஒருபுறமிருக்க, கோளாறு அந்தக் கோப்பில் இல்லாமல் வேறோர் இடத்தில் இருந்தால் எத்தனை முறை இறக்கினாலும் விளைவு மாறப்போவதில்லை. ஆகையால் கோளாறு எந்த அடுக்கில் இருக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்து, அதன் பிறகே எதையும் மாற்ற வேண்டும்.

அடுக்குகளைப் புரிந்துகொள்ளுதல்

பப்பியில் நாம் திரையில் காணும் கோப்புத் தொகுதி ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்ட பல அடுக்குகளின் கூட்டுத் தோற்றமாகும். அடியில் இருப்பது எஸ்.எஃப்.எஸ். என்ற சுருக்கப்பட்ட அடிப்படைக் கோப்பு. அதை வாசிக்கலாமே தவிர எழுத முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது நாம் செய்யும் மாற்றங்களைத் தாங்கும் சேமிப்பு அடுக்கு. ஒரே பெயருள்ள கோப்பு இரண்டிலும் இருந்தால் மேலே உள்ளதே கண்ணுக்குத் தெரியும், அடியில் உள்ளது மறைந்துவிடும். பப்பியின் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த ஒரு விதியிலிருந்தே பிறக்கிறது.

கூடுதல் மென்பொருள் வரும் வழிகளில் இரண்டு முக்கியமானவை. பெட் என்ற வகைத் தொகுப்பும், மென்பொருள்களைத் தேடி நிறுவும் பொதி மேலாளர் வழியாக வரும், டெபியன், உபுண்டு என்ற பிற லினக்ஸ் வகைகளின் தொகுப்புகளும் விரிக்கப்பட்டுச் சேமிப்பு அடுக்குக்குள் கோப்பு கோப்பாக எழுதப்படுகின்றன. எஸ்.எஃப்.எஸ். வகையோ விரிக்கப்படாமல், தனியோர் அடுக்காக ஏற்றப்படுகிறது. இறக்கிவிட்டால் அதன் நிரல்களும் விலகிவிடுகின்றன. பெரிய மென்பொருள்களுக்கு எஸ்.எஃப்.எஸ். வடிவம் கிடைக்குமானால் அதையே தேர்ந்தெடுங்கள் என்பது என் உறுதியான பரிந்துரை, ஏனெனில் அது சேமிப்பு இடத்தை விழுங்குவதில்லை, பழுதானாலும் தனியே கழற்றி வைக்கலாம்.

முதற் சோதனை: சேமிப்பு இல்லாமல் தொடக்குதல்

கணினியைத் தொடக்கும்போது வரும் பட்டியலில் ராமில் மட்டும் இயங்கும் தெரிவு ஒன்று இருக்கும்; பி-ஃபிக்ஸ்=ராம் (pfix=ram) என்ற தொடக்கக் குறிப்பு இதற்குரியது. அதைத் தேர்ந்தால் பப்பி உங்கள் சேமிப்பு அடுக்கைத் தொடாமல், புதிதாக நிறுவியதுபோல் எழும். இந்த நிலையில் சிக்கலான எஸ்.எஃப்.எஸ். கோப்பை ஏற்றிப் பாருங்கள், அல்லது பெட் தொகுப்பை நிறுவிப் பாருங்கள். மென்பொருள் ஒழுங்காகத் திறந்தால் குற்றம் சேமிப்பு அடுக்கில் இருக்கிறது, இறக்கிய கோப்பு நல்லது. அப்போதும் திறக்காவிட்டால் தொகுப்போ, அது உங்கள் பப்பிப் பதிப்புக்குப் பொருந்துவதோதான் கேள்விக்குரியது. நிறுத்தும்போது புதிய சேமிப்பு வேண்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று விடை கூறினால் சோதனையின் சுவடே மிஞ்சாது. ஒரு ரூபாய் டேட்டாவும் செலவழிக்காமல் பாதிச் சந்தேகத்தை நீக்கும் இந்தச் சோதனையைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

நிறுவியது மறைந்துபோனால்

“அண்ணை, நேற்றுப் போட்ட சொப்ட்வெயாரை இண்டைக்குக் காணேல்லை” என்று மாணவர்கள் வந்து சொல்வது இந்தத் துறையில் மிகப் பழகிய முறைப்பாடு. பென் டிரைவின் எழுதும் ஆயுள் குறுகியது என்பதால், அதிலிருந்து ஓடும் பப்பி ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே அதில் எழுதுவதில்லை. மாற்றங்கள் முதலில் ராமில் தங்கி, குறித்த இடைவெளியிலோ, திரையிலுள்ள சேமி என்ற சின்னத்தை அழுத்தும்போதோ, முறையாக நிறுத்தும்போதோதான் பென் டிரைவுக்குப் போகின்றன. பப்பியின் உள்வழக்கில் இதற்குப் பப்மோட் 13 என்று பெயர். மின்கலம் செத்துப்போன மடிக்கணினியில் ஒரு பெரிய தொகுப்பை நிறுவிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், அந்தத் தொகுப்பு முழுவதுமாகவோ, அதைவிடக் கேடாக அரைகுறையாகவோ இழக்கப்படுகிறது. பொதி மேலாளரின் பட்டியலில் பெயர் இருந்தும் நிரலைக் காணவில்லை என்றால் இதையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எனவே எதை நிறுவினாலும், அது ஓடுகிறது என்று கண்டவுடன் சேமி சின்னத்தை அழுத்தும் வழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். தானியங்கிச் சேமிப்பின் இடைவெளியைப் பப்பி ஈவென்ட் மனேஜர் என்ற கருவியில் மாற்றலாம். அங்கே 0 என்று கொடுத்தால் இடையில் தானாகச் சேமிக்காது. இந்த அமைப்பில் ஒரு நன்மையும் உண்டு: சந்தேகத்துக்குரிய தொகுப்பை நிறுவிப் பார்த்து, பிடிக்காவிட்டால் சேமிக்காமலே நிறுத்திவிடலாம். புதிய பதிப்புகள் நிறுத்தும்போது சேமிக்கட்டுமா என்று கேட்கும்படியும் அமைக்கக்கூடியவை. மின்சாரம் திடீரென நின்ற பிறகு வரும் முதல் தொடக்கத்தில் பி-ஃபிக்ஸ்=எஃப்.எஸ்.சி.கே. (pfix=fsck) என்ற குறிப்பைச் சேர்த்தால், சேமிப்பு அடுக்கைத் தாங்கும் சேமிப்புக் கோப்பின் உள்ளமைப்புச் சரிபார்க்கப்பட்டுத் திருத்தப்படும்.

எஸ்.எஃப்.எஸ். வகை மறைந்தால் காரணம் வேறு. அந்தக் கோப்பு இருந்த இடத்தையும் பெயரையும் பப்பி நினைவில் வைத்திருக்கும்; நீங்கள் அதை வேறு கோப்புறைக்கு நகர்த்தியிருந்தாலோ பெயரை மாற்றியிருந்தாலோ அடுத்த தொடக்கத்தில் அது ஏறாது. பென் டிரைவில் பப்பியின் அடிப்படைக் கோப்பு இருக்கும் இடத்திலேயே அதையும் வைத்து, எஸ்.எஃப்.எஸ். ஏற்றும் கருவியில் மீண்டும் தெரிவு செய்யுங்கள்.

இடப்பற்றாக்குறை

பென் டிரைவில் பத்து ஜி.பி. வெறுமையாக இருந்தும் நிறுவல் நடுவில் நின்றுபோவதைக் கண்டு குழம்புவோர் உண்டு. நிறுவல் நடப்பது சேமிப்புக் கோப்புக்குள்ளே. அதன் கொள்ளளவு முதன்முறை சேமித்தபோது நீங்கள் தேர்ந்த அளவே. டி, எஃப் (df) என்ற ஈரெழுத்துக் கட்டளையை, கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தில் கொடுத்தால் ஒவ்வொரு அடுக்கிலும் எஞ்சிய இடம் தெரியும். குறைவாக இருந்தால், சேமிப்புக் கோப்பைப் பெரிதாக்கும் கருவி பட்டியலில் உள்ளது. மாற்றம் அடுத்த தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வரும். பென் டிரைவ் ஃபாட்32 வடிவில் இருந்தால் எந்தக் கோப்பும் 4 ஜி.பி.யை எட்ட முடியாது என்பதால் அதற்கு மேல் வளர்க்க இயலாது. ஈ.எக்ஸ்.டி.4 வடிவில் ஒரு பிரிவை அமைத்து, கோப்புக்குப் பதிலாகச் சேமிப்புக் கோப்புறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. புதிதாக நிறுவுவோர் அவ்வாறே செய்வது நல்லது. உலாவியின் தற்காலிகக் கோப்புகள் இடத்தை ஓசையின்றித் தின்றுவிடுவதால் அவற்றையும் அவ்வப்போது துடைத்துவிடுங்கள்.

பிழைச் செய்தியைப் படித்தல்

பட்டியலிலிருந்து அழுத்தும்போது ஒன்றும் நடக்காத மென்பொருள், டெர்மினலில் அதன் பெயரைத் தட்டினால் காரணத்தை எழுத்தில் சொல்லும். அந்த வரியை அப்படியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பகிர்நூலகம் ஒன்றைத் திறக்க முடியவில்லை என்று வந்தால், மென்பொருளுக்குத் தேவையான துணைக் கோப்பு இல்லை என்பது பொருள். எல், டி, டி (ldd) என்ற கட்டளையை நிரலின் முழுப் பாதையுடன் கொடுத்தால் தேவையான நூலகங்கள் வரிசையாக வரும். காணப்படவில்லை என்ற குறிப்புள்ள வரிகளே உங்கள் தேடலுக்குரியவை. அவற்றின் பெயரைப் பொதி மேலாளரில் தேடி நிறுவினால் பெரும்பாலும் போதும்.

ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தின் குறித்த பதிப்பு இல்லை என்று வரும் செய்தியை மட்டும் இதே வழியில் அணுகக் கூடாது. உபுண்டு 18.04ஐ ஒட்டிய பயோனிக்பப்பில் இருப்பது 2.27, உபுண்டு 20.04ஐ ஒட்டிய ஃபொசாபப்பில் இருப்பது 2.31, டெபியன் 12ஐ ஒட்டிய புக்வேர்ம்பப்பில் இருப்பது 2.36. புதிய தளத்துக்குக் கட்டப்பட்ட மென்பொருள் பழைய பப்பியில் இந்தக் காரணத்தால் ஓட மறுக்கும். அந்த நூலகத்தை மட்டும் வேறெங்கிருந்தோ கொண்டுவந்து மேலே எழுதினால், கணினியிலுள்ள ஏறக்குறைய எல்லா நிரல்களும் அதையே நம்பியிருப்பதால், டெஸ்க்டொப்பே எழும்பாமல் போகலாம். உங்கள் பப்பியின் அடித்தளத்துக்குரிய பழைய பதிப்பைத் தேடுவதும், பப்பியையே புதிய பதிப்புக்கு மாற்றுவதும் மட்டுமே சரியான வழிகள்.

கோப்பு கண்ணெதிரே இருக்க, அப்படியொரு கோப்பு இல்லை என்று கணினி சொன்னால், 32 பிட் நிரலை 64 பிட் பப்பியில் அதற்குரிய நூலகங்களின்றி ஓட்டுகிறீர்கள் என்பதே வழக்கமான காரணம். மறுதலையாக, 64 பிட் நிரல் 32 பிட் பப்பியில் ஓடவே மாட்டாது. குரோமியம் குடும்ப உலாவிகள், ரூட் எனப்படும் முழு உரிமையுள்ள பயனராக ஓட மறுப்பதும் அடிக்கடி நிகழ்வது. பப்பியில் நாம் இயல்பாக ரூட்டாகவே இருப்பதால், ஸ்பொட் என்ற குறைந்த உரிமையுள்ள பயனராக அவற்றை ஓட்டும் வசதி தரப்பட்டுள்ளது. அதையே பயன்படுத்துங்கள், பாதுகாப்பை முடக்கி ஓட்டும் குறுக்குவழியைப் பழக்கமாக்க வேண்டாம்.

எஸ்.எஃப்.எஸ். ஏறவே மறுத்தால் முதலில் அதன் அளவையும், தரப்பட்டிருந்தால் எம்.டி.5 சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிடுங்கள். பாதியில் அறுந்த பதிவிறக்கம் இதிலேயே பிடிபடும். இரண்டும் சரியாக இருந்தும் ஏறாவிட்டால் சுருக்க முறை காரணமாக இருக்கலாம்: இசட்ஸ்டாண்டர்ட் முறையில் சுருக்கிய கோப்பை இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கேர்னலின் 4.14க்கு முந்திய பதிப்புகள் திறக்க மாட்டா.

பொதி மேலாளர் எதையும் இறக்கமாட்டேன் என்று நின்றால் கணினியின் திகதியைப் பாருங்கள். பழைய மடிக்கணினியின் உள் மின்கலம் தீர்ந்து கடிகாரம் பல ஆண்டு பின்னே போயிருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றும்.

தமிழ் எழுத்தும் தட்டச்சும்

தமிழுக்குப் பதிலாகக் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழ் எழுத்துருவைச் சேர்த்து, எழுத்துருப் பட்டியலைப் புதுப்பித்தால் சரியாகும். தமிழ்க் கடிதம் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரிந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்டது. எங்கள் பக்கத்து அலுவலகக் கோப்புகள் பல அத்தகையவை. பாமினி எழுத்துருவை நிறுவ வேண்டும், அல்லது ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். அலுவலகத் தொகுப்பை நீக்கி மறுபடி நிறுவுவதால் இதில் பயனில்லை.

தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியை நிறுவி, எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பையும் சேர்த்தால் தமிழ்99, ரெங்கநாதன் முதலிய விசைப்பலகைகள் கிடைக்கும். நிறுவியும் எழுத்து வராவிட்டால், எந்த உள்ளீட்டு முறையை நாட வேண்டும் என்று செயலிகளுக்குச் சொல்லும் சூழல் மாறிகள் அமைக்கப்படவில்லை என்று கொள்ளலாம். அமைத்தபின், திரைக்காட்சியை நடத்தும் எக்ஸ் சேவையகத்தை மீள்தொடக்க வேண்டும். முன்பே திறந்திருந்த செயலிகள் புதிய அமைப்பை அறியமாட்டா.

சேமிப்பு அடுக்கில் குற்றம் இருந்தால்

முதற் சோதனை சேமிப்பைச் சுட்டினால், இரண்டு காரணங்கள் அதிகம் காணப்படுகின்றன. ஒன்று, ஒரு தொகுப்பு அடிப்படையில் உள்ள நூலகத்தின் மேல் தன் சொந்தப் பதிப்பை எழுதியிருப்பது. மற்றையது, தொகுப்பை நீக்கியபோது, ஒரு கோப்பு நீக்கப்பட்டது என்று குறிக்கும் அழித்தல் அடையாளம் எஞ்சி, அடியிலுள்ள நல்ல கோப்பையும் மறைத்துக்கொண்டிருப்பது. அடிப்படை எஸ்.எஃப்.எஸ்.ஸின் மூலக் கோப்புகள் இனிட்ஆர்டி கோப்புறைக்குள் பப்-ஆர்.ஓ.2 (/initrd/pup_ro2) என்ற இடத்தில் எப்போதும் கிடைப்பதால், மறைந்த கோப்பை அங்கிருந்து உரிய இடத்துக்குப் பிரதியெடுத்தால் பழைய நிலை திரும்பும்.

இவை எதுவும் பலிக்காமல், கேர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையின் வெளியீட்டில் வாசிப்பு எழுத்துப் பிழைகள் தொடர்ந்து வந்தால் பென் டிரைவையே சந்தேகியுங்கள். கடற்கரை நகரின் உப்புக் காற்றில் யூ.எஸ்.பி. முனைகள் கறைபடுவதால், முனையைத் துடைத்து வேறு துளையில் செருகிப் பார்த்த பின்னரே அதைக் கைவிட வேண்டும். அதற்கு முன், ராமில் மட்டும் தொடக்கிய நிலையில், சேமிப்புக் கோப்பை வேறோர் இயக்ககத்துக்குப் பிரதியெடுங்கள். சேமிப்பு பயன்பாட்டில் இருக்கும்போது எடுத்த பிரதி நம்பத்தக்கதல்ல. பிறகு பழைய சேமிப்பின் பெயரை மாற்றி, புதிய சேமிப்பொன்றை உருவாக்கி, மென்பொருள்களை ஒவ்வொன்றாக நிறுவி, ஒவ்வொன்றின் பின்னும் மீள்தொடக்கிப் பாருங்கள். பழைய சேமிப்புக் கோப்பைக் கோப்பு மேலாளரில் அழுத்தினால் அது ஒரு கோப்புறைபோல் திறக்கும். ஆவணங்களை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, அமைப்புக் கோப்புகளை அங்கேயே விட்டுவிடுங்கள், ஏனெனில் கோளாறு அவற்றோடு சேர்ந்து புதிய சேமிப்புக்கும் வந்துவிடக்கூடும்.