தேரூர் குளத்துக்குப் பிள்ளைகளோடு போகிறீர்களா?

டிசம்பர், ஜனவரியில் பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பறவை பார்க்கக் கூட்டிப்போவதாக இருந்தால், சுசீந்திரம் பக்கத்தில் இருக்கிற தேரூர் குளத்துக்கே போங்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த ஈரநிலம் இது. காலை ஆறரைக்கெல்லாம் கரையில் இருக்க வேண்டும், வெயில் ஏறினால் பாதி சுவாரசியம் போய்விடும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள், எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும்.

முக்கியமான விஷயம், கூட வரும் வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பறவையின் பெயரை உடனே சொல்லாதீங்க அண்ணே, பிள்ளைகள் முதலில் பார்த்து எழுதட்டும் என்று. அலகு எப்படி, கால் என்ன நிறம், என்ன செய்கிறது, இவ்வளவு போதும். தாமரை இலை மேல் இலைக்கோழி நடப்பதைப் பாருங்கள், விரல்கள் அவ்வளவு நீளம், உடம்பின் எடை பரவிவிடுவதால் இலை அமிழ்வதில்லை. இந்தப் பறவையில் முட்டையை அடைகாப்பது ஆண் என்று அப்புறம் சொன்னால் பெரியவர்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

பைனாகுலர் வாங்குவதானால் 8x42 எடுங்கள், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்குவது, முன்பக்க லென்ஸ் 42 மில்லிமீட்டர் அகலம். பத்து மடங்கு பெரிதாக்குவது புதியவர்கள் கையில் ஆடும்.