படகோட்டியின் கடி ஜோக்கும் பயணிகளின் முனகலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியா மாநிலத்தின் அனஹைம் நகரில் உள்ள டிஸ்னிலேண்ட் பூங்கா 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்டபோதே அங்கு ஓடத் தொடங்கிய சவாரிகளுள் ஒன்று ‘ஜங்கிள் குரூஸ்’ என்னும் படகுப் பயணம். செயற்கையாக வெட்டிய ஆற்றில், இயந்திரத்தால் தலையசைக்கும் யானைகளுக்கும் நீர்யானைகளுக்கும் நடுவே பத்து நிமிடத்துக்கும் குறைவாகவே நீளும் இந்தப் பயணத்தில், ஸ்கிப்பர் என்று அழைக்கப்படும் படகோட்டி மைக்கைப் பிடித்தபடி வழிநெடுகக் கடி ஜோக்குகளாகவே சொல்லிக்கொண்டு வருவார். மருத்துவர் ஆல்பர்ட் ஷ்வைட்சரின் பெயரைத் தாங்கிய ஷ்வைட்சர் ஃபால்ஸ் என்ற அருவி எதிர்ப்படும்போது, இது டாக்டர் ஆல்பர்ட் ஃபால்ஸ் என்பவரின் நினைவாகப் பெயரிடப்பட்டது என்பார். சற்று நேரத்தில் படகு அதே அருவியின் பின்புறமாகச் செல்லும்போது, உலகின் எட்டாவது அதிசயமான ‘தண்ணீரின் பின்பக்கம்’ இதோ என்று பெருமிதத்துடன் அறிவிப்பார். அப்போது சிலர் சிரிப்பார்கள், சிலர் ‘ஐயோ’ என்று முனகித் தலையில் அடித்துக்கொள்வார்கள், குழந்தைகள் பெற்றோரின் முகத்தைப் பார்ப்பார்கள். இந்த எதிர்வினைகளைச் சரியாக வாசிக்கத் தெரியாததிலிருந்துதான் வழிகாட்டிச் சவாரிகளின் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

அவற்றுள் முதன்மையானது, முனகலைத் தோல்வி என்று எண்ணிக்கொள்வது. மேடைச் சிரிப்புக் கலைஞருக்குச் சிரிப்பொலி ஒன்றே அளவுகோலாக இருக்கலாம்; கடி ஜோக்குக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. மனிதர்கள் தனித்திருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறருடன் இருக்கும்போது ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று உளவியலாளர் ராபர்ட் ப்ரோவைன் தம் ஆய்வுகளிலிருந்து கூறினார். சிரிப்புக்குக் காரணம் நகைச்சுவையின் தரத்தைவிடக் கூட்டத்தின் இருப்புதான் என்னும்போது, முனகலையும் அதே கண்ணால் பார்ப்பதே முறை என்பது என் எண்ணம். முன்பின் அறியாதவர்கள் ஒரே படகில் எதிரும் புதிருமாக அமர்ந்திருக்கையில், ஒரு மோசமான ஜோக்கைச் சேர்ந்து நிராகரிப்பதே அவர்கள் ஒன்றாகச் செய்யும் முதல் காரியமாக அமைகிறது. ஆகவே வழிகாட்டி கவனிக்க வேண்டியது ஒலியின் அளவை அன்று. முனகியவர்கள் அடுத்த கணம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்களா என்பதையே. உண்மையான தோல்விக்கு வேறு அடையாளங்கள் உண்டு: கண்கள் கைபேசிக்குத் திரும்பிவிடும், அல்லது மரியாதைக்காக ஒரு மெல்லிய சிரிப்பு எழுந்து உடனே அடங்கிவிடும். அந்த மரியாதைச் சிரிப்பைவிட வாய்விட்டு எழும் முனகல் எவ்வளவோ மேல்.

முனகலைத் தவறாக வாசித்தவர் அடுத்ததாக மன்னிப்புக் கேட்கத் தொடங்குகிறார். இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ‘இந்த ஜோக்குகளால்தான் எனக்கு நண்பர்களே இல்லை’ என்பது போல வழிகாட்டி தம்மைத் தாமே கேலி செய்துகொள்வது வேடத்துக்குள் நிகழ்வது. அது இன்னொரு கடி ஜோக்காகவே செல்லுபடியாகும். மாறாக, உண்மையான சங்கடத்துடன், இவற்றை நான் எழுதவில்லை, சொல்லச் சொன்னதால் சொல்கிறேன் என்று குரல் தாழ்த்துவது வேடத்தைக் கலைத்துப் பயணிகளையும் சங்கடத்தில் ஆழ்த்துகிறது. தாம் முனகியது ஒரு மனிதரைப் புண்படுத்திவிட்டதோ என்ற தயக்கம் வந்தபின் அந்தப் படகில் யாரும் இயல்பாக முனகமாட்டார்கள். சொன்னதையே உரத்த குரலில் திரும்பச் சொல்வதும், ஜோக்கை விளக்குவதும், சொல்லி முடிக்கும் முன் தாமே சிரித்துவிடுவதும் இதே அச்சத்தின் வேறு வடிவங்கள்தாம். கடி ஜோக்குக்கு முகம் கல்லாக இருக்க வேண்டும், அருவியின் பின்பக்கத்தை அறிவிப்பவர் அதை உண்மையிலேயே அதிசயம் என்று நம்புபவரைப் போல நிற்க வேண்டும். அமெரிக்க அதிபர் நிக்சனின் பத்திரிகைச் செயலராக விளங்கிய ரான் ஸீக்லர் இளமையில் இதே சவாரியில் படகோட்டியாக வேலை பார்த்தவர். எதைச் சொன்னாலும் முகம் மாறாமல் இருக்கும் பயிற்சி பின்னாளில் எவ்வளவு உதவியதோ, வாசகர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

ஜோக்கைச் சவாரியின் மேல் தூவிய அலங்காரம் என்று கருதுவது இன்னொரு பெரிய தவறு. தொடக்கத்தில் இந்தப் படகில் ஜோக்குகளே இல்லை. அந்நாளைய வனவிலங்கு ஆவணப்படங்களைப் போன்ற கம்பீரமான வர்ணனையே இருந்தது. ஆனால் ஒரு முறை பார்த்தவர்களுக்கு இயந்திர முதலை இரண்டாம் முறை வியப்பளிப்பதில்லை. 1960களில் மார்க் டேவிஸ் என்ற ஓவியர் வேடிக்கைக் காட்சிகளை வரைந்து சேர்த்தார்: 1962இல் இந்திய யானைகள் குளிக்கும் குளம், 1964இல் காண்டாமிருகம் துரத்தியதால் ஒரே கம்பத்தில் ஒருவர்மேல் ஒருவராக ஏறிக்கொண்ட பயணக் குழு. கண்முன் இருப்பது பொம்மை என்று எல்லாருக்கும் தெரியும், தெரிந்தே நம்புவது போல நடிக்கலாம் என்ற உடன்பாட்டை வழிகாட்டியின் ஜோக் பயணிகளோடு செய்துகொள்கிறது. இந்த உடன்பாட்டை இரண்டு வகையில் கெடுக்கலாம். யாவும் உண்மை என்று விடாப்பிடியாகச் சாதித்தால் பெரியவர்கள் விலகிவிடுவார்கள். ‘எல்லாம் வெறும் பிளாஸ்டிக்’ என்று இகழ்ந்தால், நீர்யானையைப் பார்த்து உண்மையாகவே அஞ்சி அம்மாவின் மடியில் ஒளிந்த குழந்தைக்கும் அதற்காகக் கட்டணம் செலுத்திய அம்மாவுக்கும் அநியாயம் நடந்துவிடும்.

மேலும், அந்தக் கம்பக் காட்சி தானே ஒரு ஜோக். கண் அதைக் கண்டுபிடித்துச் சிரிப்பதற்குள் வழிகாட்டி வாயைத் திறந்துவிட்டால் இரண்டுமே வீணாகும். படகு நீருக்கடியில் உள்ள தண்டவாளத்தைப் பற்றிச் செல்கிறது. ஆனால் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் படகோட்டியின் கையில்தான் இருக்கிறது. அருவி வருவதற்கு முன்பே அருவி ஜோக்கைச் சொல்லி முடித்துவிட்டு, பிறகு வரும் மௌனத்தை வேறொரு ஜோக்கால் அடைப்பவர்களே அதிகம். மௌனத்தை நிரப்ப வேண்டியதில்லை, முனகல் எழுந்து அடங்குவதற்கு அதுவே இடம்.

பாதுகாப்பு அறிவிப்பை ஜோக்குகளுக்கிடையே கலந்து சொல்வது சிறிய தவறாகத் தோன்றினாலும் ஆபத்தானது. கைகளை வெளியே நீட்டாதீர்கள் என்பதையும் அதே கல்முகத்துடன் சொன்னால் பயணிகள் அடுத்த நகைச்சுவைக்காகக் காத்திருப்பார்கள். அந்த ஓரிரு வரிகளை மட்டும் வேறு குரலில், கலப்பில்லாமல் சொல்லிவிட வேண்டும்.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்ற கேள்வியைத் தள்ளிப்போடுவது இதைவிடக் கடுமையான தவறு. கடி ஜோக்கின் நல்ல குணமே, அதில் அடிபடுபவர் அதைச் சொல்பவர்தான் என்பது. ஒரு பயணியின் உடலையோ உடையையோ சுட்டும்போது அந்தக் குணம் போய்விடுகிறது. படகு சிரிக்கலாம், சுட்டப்பட்டவர் இறங்க வழியில்லாமல் கரைவரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஜங்கிள் குரூஸிலேயே இதைவிட நீண்டகாலத் தவறு ஒன்று இருந்தது. பயணத்தின் இறுதிப் பகுதியில், சுருங்கிய மனிதத் தலைகளை விற்கும் ‘டிரேடர் சாம்’ என்ற பழங்குடி வணிகர் நிற்பார். உங்கள் தலை ஒன்றைத் தந்தால் அவர் இரண்டு தருவார் என்பது அவ்விடத்து ஜோக். கம்பக் காட்சியிலும் வெள்ளையர் உச்சியில் பத்திரமாக இருக்க, சுமைதூக்கும் உள்ளூர் மக்கள் காண்டாமிருகத்தின் கொம்புக்கு அருகில் இருந்தார்கள். பழங்குடி மக்களை இழிவாகச் சித்திரித்த இத்தகைய பகுதிகளை மாற்றப்போவதாக நிறுவனம் 2021 ஜனவரியில் அறிவித்தது. அவ்வாண்டு ஜூலையில் டிஸ்னிலேண்டின் படகுகள் மாற்றங்களுடன் மீண்டும் ஓடின. மரபு போய்விட்டதே என்று வருந்தியவர்கள் இருந்தார்கள். ஆனால் தண்ணீரின் பின்பக்கம் எவரையும் புண்படுத்தாமல் அப்படியே தொடர்கிறது; பழைய ஜோக் என்பதாலேயே எதையும் காப்பாற்றத் தேவையில்லை என்பதற்கு அந்த வேறுபாடே போதும்.

ஒரு மொழியில் முனகலைப் பெற்றதை வேறொரு மொழிக்காரரிடம் அப்படியே எதிர்பார்ப்பதும் தவறு. கடி ஜோக்குகளில் பெரும்பகுதி சிலேடை. சிலேடை எல்லை தாண்டுவதில்லை. 2005இல் திறக்கப்பட்ட ஹாங்காங் டிஸ்னிலேண்டில் இதே வகைப் படகுச் சவாரிக்குக் கான்டனீஸ், மாண்டரின், ஆங்கிலம் என மூன்று மொழிகளுக்கும் தனித்தனி வரிசை வைத்திருக்கிறார்கள். இறுதியில் நெருப்பும் நீரும் மோதும் காட்சிக்கு எந்த மொழியும் தேவையில்லை. இத்தகைய வசதி இல்லாத இடத்தில் வெளிநாட்டவர் பேசாமல் அமர்ந்திருந்தால் அதை வெறுப்பு என்று கொள்ளாமல், சொல்லை விட்டுக் காட்சியையும் முகபாவத்தையும் நம்பிய ஜோக்குகளுக்கு மாறுவதே அறிவுடைமை.

பயணிகள் செய்யும் தவறும் ஒன்று உண்டு. பலமுறை வந்தவர்கள் அருவி கண்ணில் பட்டவுடன், ஸ்கிப்பருக்கு முன்பாகவே ‘தண்ணீரின் பின்பக்கம்’ என்று கத்திவிடுகிறார்கள். அவர்களுடைய அன்பு புரிகிறது. ஆனால் அருகில் முதல்முறையாக வந்திருப்பவருக்கு அந்த ஒரு ஜோக்கை முதன்முதலில் கேட்டு முனகும் உரிமை பறிபோகிறது. சேர்ந்து சொல்ல விரும்புபவர்கள் ஸ்கிப்பர் வாயைத் திறக்கும்வரை பொறுத்திருக்கலாம். ஸ்கிப்பரும் அவர்களை முறைத்து அடக்குவதை விட்டு, அடுத்த ஜோக்கை அவர்கள் எதிர்பாராத இடத்தில் மாற்றிச் சொன்னால் பழையவரும் புதியவரும் ஒரே நேரத்தில் ஏமாறுவார்கள்.

காலையில் முதல் படகில் நாலைந்து பேர் மட்டுமே இருக்கும்போது முழுப் படகுக்கான குரலையும் இடைவெளிகளையும் பயன்படுத்துவது இறுதியாகச் சுட்ட வேண்டிய தவறு. கூட்டம் இல்லாதபோது முனகலும் எழாது. ஒவ்வொருவரும் தாம் மட்டும் கவனிக்கப்படுவதாகக் கூசுவார்கள். அத்தகைய பயணத்தில் ஜோக்குகளைக் குறைத்து, குரலைப் பேச்சளவுக்குத் தாழ்த்தி, எதிரே இருப்பவரோடு உரையாடுவது போலச் சொல்லிச் செல்வதே பொருந்தும்.