மேடையில் கூட்டத்தை நடிக்க வைப்பது எப்படி? குரோனெக்கிடம் கேளுங்கள்

கூட்டக் காட்சி என்றாலே பல குழுக்களில் நடப்பது ஒன்றுதான். கிடைத்த ஆட்களுக்கு உடுப்பை மாட்டி, பின்னால் வரிசையாக நிறுத்தி, "எல்லாரும் சத்தம் போடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். பார்க்கிறவனுக்குத் தெரிவது பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வரிசை.

இதைச் சரிசெய்யும் வழியை லூத்விக் குரோனெக் 1870களிலேயே காட்டிவிட்டார். 1837இல் பிராண்டன்பர்க்கில் பிறந்தவர், 1866இல் நகைச்சுவை நடிகராக, ஜெர்மனியில் அப்போது தனி நாடாக இருந்த மைனிங்கனின் அரசவை நாடகக் குழுவில் சேர்ந்து, சில வருடங்களில் அதன் இயக்குநரானார். அந்தச் சின்ன நாட்டை ஆண்ட இரண்டாம் கியோர்க் நல்ல ஓவியர், காட்சிகளை வரைந்தே கொடுத்துவிடுவார். அவர் மனைவி எல்லென் ஃபிரான்ஸ், முன்னாள் நடிகை, வசனத்தைக் கவனிப்பார். காகிதத்தில் இருப்பதை ஆட்களை வைத்து மேடையில் கொண்டுவரும் தலைவலி முழுக்க குரோனெக்குக்கு. 1874 மே 1 அன்று பெர்லினில் ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' போட்டார்கள், சீசரின் பிணத்துக்கு முன் ஆன்டனி பேசும்போது கொதித்தெழுந்த ரோம் மக்களைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு.

சரி, நீங்கள் எப்படிச் செய்வது? முதலில் கூட்டத்தைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றுக்கும் அனுபவமுள்ள ஒரு நடிகரைத் தலைவராகப் போடுங்கள், தன் ஆட்கள் எப்போது திரும்ப வேண்டும், எப்போது கத்த வேண்டும் என்பதற்கு அவர்தான் பொறுப்பு. "நான் கதாநாயகன், கூட்டத்தில் நிற்க மாட்டேன்" என்பவருக்கு மைனிங்கனில் இடமில்லை. அந்தக் காட்சியில் வேடம் இல்லாவிட்டால் பெரிய நடிகரும் கூட்டத்தில் ஒருவர்தான்.

அப்புறம் வசனம். பிரதியில் 'கூச்சல்' என்று மட்டும் இருந்தால் அதை அப்படியே விடாதீர்கள். யார் எந்த வார்த்தையைக் கத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய வித்தியாசம் இதில்தான் வரும், ஏனென்றால் சொல்ல வார்த்தை இருப்பவனுக்கு முகமும் கையும் தானாக வேலை செய்யும்.

நிற்கும் விதத்துக்கு கியோர்க் விதிகளே வைத்திருந்தார். பக்கத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் ஒரே மாதிரி நிற்கக் கூடாது, தலைகள் ஒரே உயரத்தில் இருக்கக் கூடாது, முக்கியமான ஆளை மேடையின் நட்ட நடுவில் வைக்கக் கூடாது. படிகளும் மேடுகளும் போட்டால் பாதி வேலை முடிந்தது. கூட்டத்தின் ஓரம் பக்கத்திரைக்குள் போய் மறையட்டும், உள்ளே இன்னும் நூறு பேர் இருப்பதாகப் பார்வையாளர் நினைத்துக்கொள்வார்.

வாள், கவசம், நீள அங்கி எதையும் கடைசி நாளுக்கு ஒதுக்காதீர்கள், ஆரம்ப ஒத்திகைகளிலேயே கொடுங்கள், இல்லாவிட்டால் நாடகத்தன்று அங்கி தடுக்கி ஒருவர் விழுவது உறுதி.

ஒழுங்கு வேண்டும், ஆனால் அளவோடு. 1890இல் மாஸ்கோவில் இந்தக் குழுவைப் பார்த்த ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, குரோனெக்கின் கண்டிப்பில் மயங்கி அதே சர்வாதிகாரத்தைத் தானும் பின்பற்றினார், பிற்பாடு அது தவறு என்று அவரே எழுதினார். மைனிங்கன் குழு மீது இன்னொரு குறையும் உண்டு: கூட்டம் பிரமாதம், முன்னால் நிற்கும் நடிகர்கள் சுமார். அதனால் எப்போது கத்த வேண்டும் என்பதோடு, ஆன்டனியின் எந்த வரியில் யார் வாயை மூட வேண்டும் என்பதையும் பிரதியிலேயே குறித்துவிடுங்கள்.