வெளிக்கதவு: ஸ்டீலா, ஃபைபர் கிளாஸா?

வெளிக்கதவு வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "ரெண்டில் எது ஸ்ட்ராங்?" என்றுதான். ஒரு வீட்டுக்கு வேண்டிய உறுதி நல்ல ஸ்டீல் கதவிலும் இருக்கிறது, நல்ல ஃபைபர் கிளாஸ் கதவிலும் இருக்கிறது. நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: உங்கள் வாசலில் நிற்கப்போகும் கதவை எது கெடுக்கும்? சாரலா, வெயிலா, உப்புக் காற்றா, இல்லை சைக்கிளும் பந்தும் தினமும் வந்து இடிப்பதா? ஸ்டீல் நசுங்கும், துருப்பிடிக்கும். ஃபைபர் கிளாஸ் விரிசல் விடும், வெளுக்கும். இந்த நான்கில் உங்கள் வாசலில் எது நடக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எனக்கு இது புரிந்தது ஒரு பின்கதவால். ஸ்டீல் கதவு, மேலே மழை மறைப்பு எதுவும் கிடையாது. மூன்றாவது மழைக்காலத்தில் அடிப்பக்கம் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது, விரலால் அழுத்தினால் பொரபொரவென்று உதிர்ந்தது. கதவைக் கழற்றிப் படுக்கவைத்துப் பார்த்தால் முகப்பெல்லாம் புதுக்கதவு மாதிரி இருக்கிறது, அடிவிளிம்பில், இரண்டு தகடும் மடிந்து சேரும் இடத்தில் மட்டும் பெயின்டே படவில்லை. கீழே தேங்கிய தண்ணீர் அந்த மடிப்பு வழியாக மேலே ஏறியிருக்கிறது. அதிலிருந்து எந்தக் கதவைப் பார்த்தாலும் நான் முதலில் குனிந்து அடியைத்தான் பார்ப்பேன்.

இரண்டு கதவுக்கும் உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். சுமார் 45 மி.மீ. தடிமன், முன்னும் பின்னும் ஒரு தோல், சுற்றிலும் சட்டம், நடுவே ஃபோம். வெப்பத்தைத் தடுப்பது அந்த ஃபோம்தான், மேல்தோலுக்கு அதில் பெரிய பங்கில்லை. பாலியூரிதேன் ஃபோம் ஊற்றி நிரப்பியிருந்தால் அது தோலோடு ஒட்டிக்கொண்டு கதவையே விறைப்பாக்கும், வெப்பத்தையும் அதே தடிமன் தெர்மோகோலைவிட நன்றாகத் தடுக்கும். தேன்கூடு அட்டை வைத்த கதவுகளும் உண்டு. அவை விறைப்பாக இருக்கும், ஆனால் வெப்பத்தைத் தடுப்பதில் சுமார்தான். விரல் மூட்டால் பல இடங்களில் தட்டிப் பாருங்கள், ஓர் இடத்தில் மட்டும் டொக்கென்று வெற்றுச் சத்தம் வந்தால் அங்கே நிரப்பு சரியாகப் போகவில்லை.

ஸ்டீல் கதவில் கேட்க வேண்டிய முதல் எண் கேஜ், அதாவது தகட்டின் தடிமனைச் சொல்லும் எண். எண் குறையக் குறையத் தகடு கனமாகும், இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 24 கேஜ் என்றால் ஏறக்குறைய 0.6 மி.மீ., 20 கேஜ் என்றால் 0.9 மி.மீ., 18 கேஜ் என்றால் 1.2 மி.மீ. வித்தியாசம் அரை மி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் 24 கேஜ் கதவில் முழங்கை இடித்தாலே பள்ளம் விழ வாய்ப்புண்டு. 20 கேஜைவிட மெல்லிய தகட்டுக்கு இறங்காதீர்கள் என்பதுதான் என் கருத்து, ஆள் நடமாட்டமும் சாமான் ஏற்றி இறக்குவதும் அதிகமுள்ள வாசல் என்றால் 18. எடையும் கூடும், 20 கேஜில் சாதாரண அளவுக் கதவுக்கு இரண்டு பக்கத் தகடு மட்டுமே 25 கிலோவைத் தாண்டும், அதனால் கீல் மூன்றுக்குக் குறையக் கூடாது.

அடுத்து முலாம். துத்தநாக முலாம் பூசிய தகடுதானா என்று கேளுங்கள். சின்னக் கீறல் விழுந்தால் துத்தநாகம் தானே முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும், அதுதான் அதன் வேலை. ஆனால் பூட்டுக்காக வெட்டிய துளை, கீலுக்காகப் போட்ட ஓட்டை, அடிமடிப்பு இங்கெல்லாம் வெட்டுவாய் அப்படியே திறந்து கிடக்கும், துரு கிளம்புவது அங்கிருந்துதான். கடலோரக் காற்று படும் வீட்டில் இது பல மடங்கு வேகமாக நடக்கும். அங்கே நான் யோசிக்காமல் ஃபைபர் கிளாஸ் என்றுதான் சொல்வேன்.

ஸ்டீலில் எனக்குப் பிடித்த விஷயம், அதைச் சரிசெய்யலாம். பள்ளத்தை வெளியே இழுக்க முடியாது, பின்னால் ஃபோம் ஒட்டியிருக்கிறது, ஆனால் கார் டிங்கரிங்கில் பயன்படுத்தும் அதே பட்டியால் நிரப்பலாம். பள்ளத்தைச் சுற்றி 80 நம்பர் எமரியால் தகடு தெரியும்வரை தேயுங்கள், ஹார்ட்னர் கலந்த பட்டி சில நிமிடங்களில் இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரே தடவையில் அப்பாமல் மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு இழுங்கள். காய்ந்தபின் 220 நம்பரால் தேய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் கைக்குத் தெரியும். அன்றைக்கே ப்ரைமர் அடித்துவிட வேண்டும், மறுநாளைக்கு விட்டால் வெறும் தகடு இரவிலேயே சிவக்க ஆரம்பிக்கும். இன்னொன்று, முலாம் பூசிய தகட்டின் மேல் எண்ணெய் வகை எனாமலை நேரடியாக அடிக்காதீர்கள், துத்தநாகத்தோடு வினைபுரிந்து கொஞ்ச நாளில் தோல் தோலாக உரியும். முலாம் தகட்டுக்கென்றே ப்ரைமர் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, ஃபைபர் கிளாஸ். கண்ணாடி இழையும் பிசினும் கலந்த தாளைச் சூடான அச்சில் வைத்து அழுத்தி எடுத்த தோல் ஒரு வகை. கையாலேயே அடுக்கடுக்காகப் பிசின் தடவிச் செய்வது இன்னொரு வகை, இதில் ஓர் இடம் கனமாகவும் இன்னோர் இடம் மெல்லிசாகவும் வர வாய்ப்பு அதிகம். அச்சில் வந்ததில் மரக்கோடு கூர்மையாக விழும், பக்கத்தில் நின்று பார்த்தாலும் மரம் என்றே நினைக்கத் தோன்றும். துரு கிடையாது, ஈரத்தில் ஊதாது, கரையானுக்கு அதன் தோலில் வேலையில்லை.

தோலில்தான் வேலையில்லை. உள்ளே இருக்கும் சட்டம் மரமாக இருந்தால் அந்த மரம் எல்லா மரத்தையும் போல அழுகும், அதுவும் வெளியே துளியும் தெரியாமல். ஃபைபர் கிளாஸ் அழுகாது என்று நம்பி வாங்கி, சில வருடங்களில் கதவு அடிப்பக்கம் உப்பி வாசற்படியில் உரசத் தொடங்கியதும்தான் இது பலருக்குத் தெரியவருகிறது. அதனால் "அடிச்சட்டம் மரமா, காம்போசிட்டா?" என்று நேரடியாகக் கேளுங்கள், காம்போசிட் என்பது ஈரத்தில் அழுகாத செயற்கைக் கலவைப் பொருள். சாரல் படும் வாசலுக்குக் காம்போசிட்தான் வேண்டும்.

பந்து பட்டால் ஃபைபர் கிளாஸ் வளைந்து திரும்பிவிடும், அந்த அடியில் மெல்லிய ஸ்டீல் தகடு பள்ளமாகிவிடும். ஆனால் கூர்மையான முனை பலமாகக் குத்தினால் கதை மாறும், விரிசல் விழும். எபாக்சி என்ற கெட்டியாக இறுகும் பசை வைத்து அடைக்கலாம், அடைத்த இடத்தில் மரக்கோடு திரும்ப வராது. வெயில் அடுத்த எதிரி. வெயில் நேராகப் படும் கதவில் மேலே உள்ள வார்னிஷ் பளபளப்பு மங்கும்போதே புதுப்பூச்சு கொடுத்துவிட வேண்டும், பொதுவாக 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை. "நிறம் இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது" என்று தள்ளிப்போட்டால் மேல்பிசின் தேய்ந்து இழை வெளியே வரும், தடவினால் கை அரிக்கும். அந்த நிலைக்குப் போனபின் பழைய முகம் திரும்புவது கஷ்டம்.

மேற்குப் பார்த்த வாசலுக்குத் தனியாக யோசிக்க வேண்டும். மாலை வெயிலில் வெளித்தோல் கொதிக்கும், உள்தோல் குளிர்ந்திருக்கும், வெளிப்பக்கம் மட்டும் நீள்வதால் கதவு வில்லாக வளையும். 2.1 மீட்டர் ஸ்டீல் தகடு 40 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 1 மி.மீ. நீள்கிறது, காலையில் லேசாக விழுந்த பூட்டு மாலையில் தள்ளினால்தான் விழும் என்பதற்கு இது போதும். ஃபைபர் கிளாஸிலும் இது உண்டு. எதை வாங்கினாலும் அந்தப் பக்கத்துக்கு வெளிர் நிறமே நல்லது. அடர்நிறக் கதவு வைத்து அதன் முன்னால் இன்னொரு கண்ணாடிக் கதவும் போட்டால் நடுவே வெப்பம் அடைபட்டு அலங்காரப் பட்டைகள் நெளிந்துவிடும். ஸ்டீலில் இன்னொரு கேள்வியும் உண்டு: வெளித்தகடும் உள்தகடும் விளிம்பில் ஒன்றையொன்று தொடுகின்றனவா? தொட்டால் நடுவே எவ்வளவு நல்ல ஃபோம் இருந்தாலும் வெப்பம் அந்த விளிம்பு வழியாகவே உள்ளே நடந்து வந்துவிடும், குளிர்ப் பிரதேசம் என்றால் உள்பக்கம் வியர்க்கும். இரண்டுக்கும் நடுவே மரமோ பிளாஸ்டிக்கோ வைத்துப் பிரித்திருக்க வேண்டும்.

திருட்டுப் பயத்துக்காக ஸ்டீல் வாங்குகிறவர்கள் நிறைய. எட்டி உதைத்தால் பெரும்பாலும் முதலில் உடைவது நிலைதான், பூட்டுநாக்கு நுழையும் இடத்தில் பிளந்துகொள்ளும். அங்கே வைக்கும் பூட்டுத் தகட்டை அரை அங்குல ஸ்க்ரூவால் பிடித்திருந்தால் 18 கேஜ் கதவும் வீண். மரநிலை என்றால் 75 மி.மீ. ஸ்க்ரூ போட்டு நிலையைத் தாண்டிப் பின்னால் உள்ள கட்டுமானம் வரை பிடிக்கச் சொல்லுங்கள். ஃபைபர் கிளாஸ் கதவில் பூட்டு வரும் இடத்தில் உள்ளே கெட்டியான கட்டை வைத்திருக்கிறார்களா என்பதையும் உறுதிசெய்யுங்கள், வெறும் ஃபோமில் பூட்டு நிற்காது. வெளிப்பக்கம் திறக்கும் கதவு என்றால் கீலின் ஊசி உருவ முடியாததாக இருக்க வேண்டும்.

தீத்தடுப்பு கட்டாயம் என்றால் ஸ்டீலில்தான் தேர்வு அதிகம், 60, 90 நிமிடத் தரத்தில் கிடைக்கும். ஸ்டீல் என்பதாலேயே தீக்கதவு ஆகிவிடாது, கதவு, நிலை, கீல் எல்லாம் சேர்த்துச் சோதித்த சான்று இருக்க வேண்டும்.

ஆக நான் தேர்ந்தெடுக்கும் விதம் இது. மழை மறைப்புள்ள வாசல், இடிபாடு அதிகம், வருடத்துக்கு ஒருமுறை கீறலைத் தேடிப் பெயின்ட் தொடுவதில் சலிப்பில்லாத ஆள் என்றால் ஸ்டீல். சாரலும் உப்புக் காற்றும் நேரடியாகப் படும் இடம், மரத் தோற்றம் வேண்டும், சில வருடத்துக்கொருமுறை வார்னிஷ் கொடுக்கத் தயார் என்றால் ஃபைபர் கிளாஸ். ஒரே வீட்டில் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று போடுவதில் தவறே இல்லை, இரண்டு வாசலும் ஒரே வெயிலையும் மழையையும் பார்ப்பதில்லையே.

அளவெடுக்கும்போது அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் எடுத்து மிகக் குறைந்ததைக் கணக்கில் வையுங்கள், மூலைக்கு மூலையும் பாருங்கள். மரக்கதவு என்றால் தச்சர் ஓரத்தை இழைத்து நுழைத்துவிடுவார், ஸ்டீலில் அது நடக்காது, ஃபைபர் கிளாஸிலும் சில மி.மீ.தான் எடுக்க முடியும். கதவு வந்து இறங்கியதும் மாட்டுவதற்கு முன்னால் பக்கவாட்டில் சாய்த்து அடிவிளிம்பைப் பாருங்கள், வெறுமையாக இருந்தால் அங்கேயே ப்ரைமரும் இரண்டு கை பெயின்டும் அடித்து, பூட்டுத் துளையின் உள்வாயிலும் ஒரு தடவை இழுத்து, காயவைத்தபின் மாட்டச் சொல்லுங்கள். மாட்டிய அன்று இரவு வெளியே ஒருவரை டார்ச் அடிக்கச் சொல்லி உள்ளே விளக்கை அணைத்துவிட்டு நில்லுங்கள், வெளிச்சம் கசியும் இடமெல்லாம் தண்ணீரும் காற்றும் வரும் இடம், மறுநாள் ஆட்கள் வரும்போது அங்கே ரப்பர் பீடிங்கைச் சரிசெய்யச் சொல்லிக் காட்டிவிடலாம்.