செனான் ஹெட்லைட்: கம்பெனி ஃபிட்டிங்கா, வெளி கிட்டா? திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

ஏற்காட்டில் பனி இறங்க ஆரம்பித்தால் சேலத்தில் என் பட்டறைக்கு ஹெட்லைட் வேலை வந்துவிடும். போன வாரம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தம்பி காரில் வந்தார். கையில் புத்தம்புது செனான் கிட் பெட்டி. "அண்ணே, ராத்திரி மலையில ஒண்ணுமே தெரியல. இதை மாட்டிக் குடுங்க" என்றார். பெட்டியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருடங்களுக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பெட்டியை ஆசையாக வாங்கி வந்து என் வண்டியில் நானே மாட்டியவன் நான்.

பல்பின் கண்ணாடியை வெறும் கையால் தொடக்கூடாது, பிளஸ் மைனஸ் மாறக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஹாலஜன் ரிஃப்ளெக்டருக்குள் செனான் பல்பு

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

செனான் பல்பில் இழை கிடையாது. சின்ன குவார்ட்ஸ் குப்பிக்குள் செனான் வாயுவும் உலோக உப்புகளும் இருக்கும். பேலஸ்ட் என்ற சின்ன மின்பெட்டி 20,000 வோல்ட்டுக்கு மேல் கொடுத்து உள்ளே மின்வில்லை, அதாவது வில்லாக வளைந்து எரியும் மின்பொறியைப் பற்ற வைக்கும். பற்றியதும் 35 வாட்டில் ஓடும். டி2எஸ் என்ற வகை செனான் பல்பு சுமார் 3,200 லூமென் (வெளிச்சத்தின் அளவு) தரும். நம் ஊர் வண்டிகளில் அதிகம் இருக்கும் எச்4 ஹாலஜன், டிம்மில் சுமார் 1,000 லூமென்தான். மூன்று மடங்கு வெளிச்சம் என்று சொல்லித்தான் கிட்டை விற்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்த வெளிச்சம் எங்கே போய் விழுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

ஒரு எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். டிம் இழைக்கு அடியில் கரண்டி மாதிரி ஒரு சின்னத் தகடு இருக்கும். இழையிலிருந்து கீழே போகும் ஒளியை அது மறைத்துவிடும். மேலே போகும் ஒளி மட்டும் ரிஃப்ளெக்டரில், அதாவது பல்பைச் சுற்றியுள்ள பளபளப்பான கிண்ணத்தில் பட்டு சாலையில் இறங்கும். அந்த இழை உட்காரும் இடத்தை வைத்துத்தான் ரிஃப்ளெக்டரின் வளைவையே கணக்குப் போட்டிருக்கிறார்கள். செனானின் மின்வில்லோ கொஞ்சம் மேலே வளைந்து நிற்கும். நீளமும் தடிமனும் வேறு. மில்லிமீட்டர் கணக்கில் இடம் மாறினாலே ஒளி சிதறிவிடும்.

நான் கிட் மாட்டிய அன்று பட்டறைச் சுவரில் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். ஹாலஜனில் கோடு போட்ட மாதிரி தெரிந்த விளிம்பு காணாமல் போயிருந்தது. எதிர்வீட்டு மாடி ஜன்னல் வரை வெள்ளையாகப் பூசியிருந்தது. எனக்கோ ஒரே சந்தோஷம்.

அடுத்த வாரம் ஏற்காட்டிலிருந்து இறங்கினேன். இருபது கொண்டை ஊசி வளைவில் பாதி கூடத் தாண்டவில்லை. ஏறி வந்த பஸ் ஒன்று வளைவிலேயே நின்றுவிட்டது. டிரைவர் இடது கையால் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் இறங்கி என் கதவருகே வந்து, "டிம் போடுங்க சார், அவருக்குத் தடுப்புச் சுவரே தெரியல" என்றார். நான் டிம்மில்தான் வந்துகொண்டிருந்தேன். ஹெட்லைட்டை மொத்தமாக அணைத்து, பார்க்கிங் லைட்டோடு ஓரங்கட்டி நின்றேன். பஸ் நிறைய ஆட்கள். பள்ளத்தின் பக்கம் அந்த பஸ்தான் இருந்தது.

சரி, எனக்காவது நன்றாகத் தெரிந்ததா? பனியில் மேலே சிதறிய ஒளி முழுக்க வெள்ளைத் திரையாக என் கண்ணுக்கே திரும்பி வந்தது. பனி இல்லாத இடத்தில் பானட்டுக்கு முன்னால் பத்தடி பளபளத்தது. கண் அந்தப் பளபளப்புக்குப் பழகிவிட்டதால் தூரம் இன்னும் இருட்டாகத் தெரிந்தது.

செலவும் அதோடு நிற்கவில்லை. பேலஸ்ட் ஒயரை உள்ளே விட ஹெட்லைட்டின் பின்பக்க ரப்பர் மூடியில் ஓட்டை போட்டிருந்தேன். ஒரே குளிர்காலம்தான். மலை ஈரம் அந்த வழியாக உள்ளே போய் ரிஃப்ளெக்டரின் பளபளப்பு உரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் முழு ஹெட்லைட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. கிட் விலையை விட இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது என்பதையும் அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கம்பெனி செனானும் இந்த வெளி கிட்டும் ஒன்றல்ல. 1991இல் பி.எம்.டபிள்யூ 7 சீரிஸில் முதன்முதலாக வந்தபோதே அந்த பல்புக்கென்று தனி ஹெட்லைட் செய்துதான் கொடுத்தார்கள். 2,000 லூமெனைத் தாண்டும் டிம் லைட் என்றால் தானாக உயரம் சரிசெய்யும் லெவலிங்கும், ஹெட்லைட் கண்ணாடியைக் கழுவும் வாஷரும் வேண்டும் என்று ஐரோப்பாவில் விதியே போட்டார்கள். கிட் பெட்டிக்குள் இரண்டு பல்பும் இரண்டு பேலஸ்ட்டும்தான் இருக்கும்.

செகண்ட் ஹேண்டில் கம்பெனி செனான் வண்டி

கம்பெனி ஃபிட்டிங் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். பின் சஸ்பென்ஷனில் ஒரு சின்னக் கம்பியோடு லெவலிங் சென்சார் இருக்கும். அந்தக் கம்பி உடைந்தோ துருப்பிடித்தோ கிடந்தால், பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்ததும் வண்டியின் மூக்கு தூக்கி, லைட்டும் மேலே தூக்கிவிடும். சாவி போட்டு ஹெட்லைட்டை ஆன் செய்ததும் சுவரில் ஒளி ஒருமுறை இறங்கி ஏறி நிற்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அப்படி அசையும். அசையவில்லை என்றால் வண்டியைத் தூக்கி அந்தக் கம்பியைப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

8,000 கெல்வின்

வேண்டாம். கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண்; அது கூடினால் நீலம் கூடும். கம்பெனி செனான் 4,300 கெல்வின் பக்கம்தான் இருக்கும். நீலம் கூடக்கூட லூமென் குறையும், எதிரில் வருபவருக்குக் கண் கூசுவது கூடும்.

ஒரு பக்க பல்பு மட்டும் மாற்றுவது

பழைய செனான் நிறம் மாறி மங்கியிருக்கும். ஜோடியாக மாற்றுங்கள்.

லைட் எரியும்போது பேலஸ்டில் கை வைப்பது

உயிரே போகலாம்.

வெளிநாட்டு ப்ரொஜெக்டர்

ஹெட்லைட்டையே பிரித்து ப்ரொஜெக்டர், அதாவது முன்னால் லென்ஸ் வைத்த தனி விளக்கு வைப்பது பல்பை மட்டும் மாற்றுவதை விட எவ்வளவோ மேல். ஆனால் சாலையில் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த ப்ரொஜெக்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடுகிறார்கள். டிம் ஒளியின் விளிம்பு நமக்கு இடது ஓரத்தில் உயர வேண்டும். அதில் வலது பக்கம் உயரும். அப்புறம் தொப்பூர் கணவாயில் எதிரில் வருகிற லாரிக்காரர் கண்ணில்தான் அது போய் அடிக்கும்.

ஹெட்லைட்டின் முகப்புக் கண்ணாடியைப் பார்க்காமல் பல்பைக் குறை சொல்வது

அந்த அஸ்தம்பட்டித் தம்பியின் வண்டியில் கோளாறு இதுதான். முகப்புப் பிளாஸ்டிக் வெயிலில் வெந்து மஞ்சளாகிக் கிடந்தது. ஈர எமரித்தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் செய்து, மேலே பூச்சு கொடுத்தேன். ஸ்விட்ச் வழியாக ஓடிய கரண்ட்டை ரிலேவுக்கு, அதாவது பேட்டரியிலிருந்து பல்புக்கு நேராகக் கரண்ட் விடும் சின்னப் பெட்டிக்கு மாற்றினேன். நல்ல எச்4 பல்பு இரண்டு, அதே 60/55 வாட். பிறகு வண்டியைச் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, டிம் விளிம்பு ஹெட்லைட் மையத்தை விடச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழுகிற மாதிரி திருகி வைத்தேன்.

அன்று ராத்திரியே மலை ஏறிவிட்டு மறுநாள் காலையில் பட்டறைக்கு வந்தார். செனான் பெட்டி பிரிக்காமல் பின்சீட்டில் கிடந்தது. "கடையில திருப்பி எடுத்துக்குவாங்களா அண்ணே?" என்று கேட்டார். பில்லோடு உடனே போகச் சொன்னேன்.